அமெரிக்கக் கண்டங்களில் ஸ்பானிஷ்: எழுத வருபவர்கள் இடறும் இடங்கள்

லத்தீன் அமெரிக்கா பற்றிய மொழிபெயர்ப்புகளையும் கட்டுரைகளையும் செம்மை பார்ப்பது என் பிழைப்பில் ஒரு பகுதி. புதியவர்களின் வரைவுகளைத் திறந்தால், நான் ஒரு காலத்தில் எழுதிய வாக்கியங்களே வேறு பெயரில் எதிரே வந்து நிற்கின்றன. பிரேசிலில் பேசுவது போர்த்துகீசியம், மெக்சிகோ இருப்பது வட அமெரிக்காவில் என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. வரைபடத்தை ஒருமுறை பார்த்தால் தீர்ந்துபோகும் பிழைகள் அவை.

வாளோடு மொழியும் வந்து இறங்கியது என்று எழுதுவது

"1521இல் அஸ்டெக் தலைநகர் தெனோச்தித்லான் வீழ்ந்தது, அன்று முதல் மெக்சிகோ ஸ்பானிஷ் பேசத் தொடங்கியது." இந்த வாக்கியத்தை அடித்து அடித்துக் கை சலித்துவிட்டது. பெரு என்றால் ஆண்டு 1532 ஆகும், ஊர் கஹமார்க்கா ஆகும். மற்றபடி எழுத்துக்கு எழுத்து அதே. இதற்குத் தோரணமாக ஸ்பானிஷ் இலக்கணம் எழுதிய நெப்ரிஹாவின் மேற்கோள் வேறு. மொழி எப்போதும் பேரரசுக்குத் துணை என்று அவர் தன் இலக்கண நூலின் முன்னுரையில் சொன்னது உண்மைதான். அந்த நூல் சலமாங்காவில் வெளிவந்தது 1492 ஆகஸ்டில். கொலம்பஸ் கரையைத் தொட்டது அக்டோபர் 12. அப்படியொரு நிலம் இருப்பதே தெரியாதவர் எழுதிய வரியை அந்த நிலத்துக்கான திட்டமாக வாசிக்கிறார்கள்.

நடந்தது வேறு. வந்த ஸ்பானியர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்; மதம் மாற்ற வேண்டியவர்களோ லட்சக்கணக்கில். பாவமன்னிப்பு கேட்க வருபவர் என்ன சொல்கிறார் என்று பாதிரியாருக்குப் புரிய வேண்டுமே. ஆகவே பாதிரிமார்கள் உட்கார்ந்து உள்ளூர் மொழிகளைப் படித்தார்கள். அந்திரேஸ் தெ ஓல்மோஸ் என்ற பாதிரியார் மெக்சிகோவின் நவாட்ல் மொழிக்கு இலக்கணம் எழுதி முடித்தது 1547இல். ஆங்கிலத்துக்கு முதல் இலக்கண நூல் அச்சாக 1586 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெருவின் கெச்சுவா மொழிக்கான இலக்கணம் 1560இல் ஸ்பெயினின் வயதோலித் நகரில் அச்சானது. தென் அமெரிக்காவில் அச்சான முதல் புத்தகம், லிமாவில் 1584இல் இயேசு சபையார் முயற்சியில் வந்த மறைக்கல்வி நூல். அதில் ஸ்பானிஷோடு கெச்சுவாவும் அய்மாராவும் இருந்தன. அதற்கு 6 ஆண்டு முன்பு, 1578இல், கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழில் அச்சானதும் இதே இயேசு சபையாரின் வேலைதான் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த வழிமுறை நமக்கு எளிதில் பிடிபடும்.

அரசாங்கமும் கிட்டத்தட்ட அதே வழியில் போனது. ஸ்பெயின் மன்னர் இரண்டாம் ஃபெலிப்பே காலத்தில், உள்ளூர் மொழி தெரியாத பாதிரியாருக்குப் பழங்குடி ஊர்களில் பங்குத் தேவாலயப் பொறுப்பு கொடுக்கக் கூடாது என்று ஆணை போனது. லிமா பல்கலைக்கழகத்தில் கெச்சுவாவுக்கு ஓர் இருக்கை வந்தது. பழங்குடி மக்களும் தங்கள் மொழியிலேயே எழுதினார்கள். மெக்சிகோவின் த்லாஸ்கலா நகர சபை 1547 முதல் 1567 வரையிலான நடவடிக்கைகளை நவாட்லில் பதிந்து வைத்திருக்கிறது. உயில், நில விற்பனைப் பத்திரம் எல்லாம் நவாட்லில், லத்தீன் எழுத்தில். நவாட்ல் பேசும் நவா மக்களில் ஒருவரான சிமல்பாயின் என்ற வரலாற்றாளர், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெக்சிகோ நகரத்துக்கு ஜப்பானியர்கள் வந்து இறங்கியதைக்கூடத் தன் மொழியில் குறித்து வைத்தார்.

இந்தப் பிழை எனக்கு ஏன் இத்தனை எரிச்சல் என்றால், இது ஒரு புத்தகத்தையே கெடுத்ததைப் பார்த்திருக்கிறேன். மெக்சிகோ பற்றிய ஒரு வரலாற்று நூலை மொழிபெயர்த்த இளைஞர், 17ஆம் நூற்றாண்டு உயில்கள் வரும் அத்தியாயத்தில் 'நவாட்ல்' என்று இருந்த இடங்களையெல்லாம் 'ஸ்பானிஷ்' என்று மாற்றியிருந்தார். கேட்டேன். "அண்ணே, அந்தக் காலத்துல யாரு நவாட்ல்ல பத்திரம் எழுதப் போறாங்க? மூலத்துலயே தப்பா இருக்கு, அதான் சரி பண்ணிட்டேன்" என்றார். நல்ல எண்ணம்தான். அந்த அத்தியாயத்தின் வாதமே, வெற்றி கொள்ளப்பட்டவர்கள் தங்கள் மொழியில் சட்டத்தைக் கையாண்டார்கள் என்பது. என் கைக்கு வரும்போது ஃபாரங்கள், அதாவது புத்தகத்தின் அச்சுத் தாள்கள், அச்சாகிவிட்டன. பதிப்பாளர் அந்த ஃபாரங்களைக் கழித்துவிட்டு மறுபடி அடித்தார். புத்தகம் கண்காட்சியைத் தவறவிட்டது. மொழிபெயர்ப்பாளரின் மீதித் தொகை என்ன ஆனது என்று நான் விசாரிக்கவில்லை.

அப்படியானால் ஸ்பானிஷ் எப்போது பரவியது? 1770ஆம் ஆண்டுக்குப் போங்கள். மெக்சிகோ பேராயர் லொரென்சானாவின் தூண்டுதலில் மன்னர் மூன்றாம் கார்லோஸ் ஓர் ஆணை பிறப்பித்தார்: உள்ளூர் மொழிகள் ஒழிந்து காஸ்தீலிய மொழி, அதாவது ஸ்பானிஷ், மட்டுமே பேசப்பட வேண்டும். தெனோச்தித்லான் வீழ்ந்து ஏறக்குறைய 250 ஆண்டு கழித்து இப்படி ஓர் ஆணை தேவைப்பட்டது என்றால், அதுவரை மக்கள் என்ன பேசிக்கொண்டிருந்தார்கள்? பெருவில் பழங்குடித் தலைவர் இரண்டாம் தூபாக் அமாருவின் எழுச்சியை 1781இல் நசுக்கிய பிறகு கெச்சுவா மீது நெருக்குதல் இன்னும் கடுமையானது.

அதற்கும் மேலே செய்தவை ஸ்பெயினை விரட்டிவிட்டு வந்த குடியரசுகள். ஒரே நாடு, ஒரே சட்டம், ஒரே பள்ளி என்று வந்தபோது மொழியும் ஒன்றாக வேண்டியிருந்தது. நீதிமன்றம், ராணுவம், நிலப்பதிவு எல்லாம் ஸ்பானிஷுக்குப் போயின. அர்ஜென்டினா 1884இல் 1420ஆம் எண் சட்டத்தால் தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கியது. இத்தாலியக் குடியேறிகளின் பிள்ளைகள் ஸ்பானிஷ்காரர்கள் ஆனது அந்த வகுப்பறைகளில். மெக்சிகோவில் 1921இல் கல்வி அமைச்சகம் அமைந்தபின் கிளம்பிய கிராமப் பள்ளிகள், பாதிரிமார்கள் முயலாததைச் செய்து முடித்தன. பெருவில் எழுத்தறியாதவர்களுக்கு வாக்குரிமை 1979 அரசியலமைப்பில்தான் கிடைத்தது. கெச்சுவா மட்டுமே தெரிந்த மலைக்கிராமத்தார் அதுவரை வாக்குச்சாவடிக்கு வெளியே. பொலிவார், சான் மார்த்தின் என்று விடுதலை வீரர்களைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதே இல்லை.

பராகுவே எதிர்த்திசையில் போனது. அங்கே குவாரனியைப் பழங்குடிகள் மட்டுமல்லாமல் நாட்டில் பெரும்பாலானோர் பேசுகிறார்கள். பொலிவியாவுடன் நடந்த சாக்கோ போரில் (1932–35) ராணுவச் செய்திகள் குவாரனியில் போயின. 1992 முதல் அது ஸ்பானிஷுக்குச் சமமான ஆட்சிமொழி. "பராகுவே மக்கள் ஸ்பானிஷ் பேசுகிறார்கள்" என்று எழுதிவிட்டு முற்றுப்புள்ளி வைக்காதீர்கள்.

மாட்ரிட் அளவுகோல்

அமெரிக்க ஸ்பானிஷைச் 'சிதைந்த ஸ்பானிஷ்' என்று எழுதுவது. கப்பல்கள் கிளம்பியது செவில்லிலிருந்து. முதல் அலையில் ஏறியவர்களில் அந்தலூசியர்கள் ஏராளம். ஸெட் எழுத்தையும், எ, இ ஓசைகளுக்கு முன் வரும் சி எழுத்தையும் 'ஸ' ஓசையோடு ஒலிப்பது அவர்கள் கொண்டுபோன பழக்கம். கானரித் தீவுகளில் இன்றும் அப்படித்தான். புவெனஸ் ஐரிஸ்காரர் 'நீ' என்பதற்குச் சொல்லும் 'வோஸ்', ஸ்பெயினில் ஒரு காலத்தில் புழங்கி மறைந்தது. யார் எதைச் சிதைத்தார்கள்? கராகஸில் பிறந்து சிலியில் பல்கலைக்கழகத்தை நிறுவிய அந்திரேஸ் பெயோ, 1847இல் இலக்கணம் எழுதியபோது அது அமெரிக்கர்களின் பயன்பாட்டுக்கு என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார்.

ஆப்பிரிக்கர்களை விட்டுவிடுவது

'ஸ்பானியர், பழங்குடி, கலப்பினம்' என்று மூன்று கட்டம் போட்டு முடித்துவிடுகிறார்கள். கொலம்பியாவின் கார்த்தஹேனா அருகே, தப்பிய அடிமைகள் அமைத்த சான் பசிலியோ தெ பலெங்கே ஊரில், ஸ்பானிஷ் சொற்களையும் ஆப்பிரிக்க மொழிகளின் தடங்களையும் கொண்ட பலெங்கேரோ இன்றும் பேசப்படுகிறது.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஸ்பானிஷ் 'வந்தேறி மொழி' என்பது

ஸ்பானியர்கள் புளோரிடாவில் செயின்ட் அகஸ்டினை அமைத்தது 1565இல். சாண்டா ஃபே ஏறக்குறைய 1610. ஆங்கிலேயக் குடியேறிகளின் மேஃப்ளவர் கப்பல் வந்தது 1620. கலிபோர்னியாவின் 1849 அரசியலமைப்பு, சட்டங்களை ஸ்பானிஷிலும் வெளியிட வேண்டும் என்றது. 1879இல் அந்த விதியை எடுத்துவிட்டார்கள்.

1825இல் ஸ்பெயினின் ஆட்சி எங்கும் முடிந்தது என்பது

கியூபாவும் போர்ட்டோ ரிக்கோவும் ஸ்பெயினின் கையை விட்டுப் போனது 1898இல்.

குடும்பப்பெயரில் பாதி

சிறுபத்திரிகை காலத்திலிருந்து தொடரும் வியாதி இது. 'மார்க்வெஸ்' அல்ல, 'கார்சியா மார்க்வெஸ்'. 'யோசா' அல்ல, 'வர்கஸ் யோசா'. முதலில் வருவது தந்தை வழிப் பெயர், அடுத்தது தாய் வழி. அகரவரிசையும் முதல் பெயரை வைத்தே. கவிஞர் கார்சியா லோர்காவை மட்டும் ஸ்பெயினிலேயே லோர்கா என்கிறார்கள், கார்சியா மலிந்த பெயர் என்பதால். அவரும் கார்சியா, இவரும் கார்சியா, அதெப்படி என்று கேட்டு எனக்கு எழுதாதீர்கள். வழக்கம் அப்படி.