இசைக் கல்லூரியில் ஸ்வரஞானத்தையும் லயஞானத்தையும் வளர்த்துக்கொள்ளும் முறை

கர்நாடக இசையைக் கல்லூரியில் பயிலும் மாணவரிடம் இதுவரை எத்தனை உருப்படிகள் (கீர்த்தனை, வர்ணம் முதலிய பாடல்கள்) பாடமாயின என்று கேட்டால் உடனே விடை கிடைக்கும். அதே மாணவரிடம் அவர் முன்பு கேட்டிராத ஒரு கீர்த்தனையின் ஒலிப்பதிவைக் கொடுத்து, அதன் பல்லவியை ஸ்வரதாளக் குறிப்புடன் எழுதச் சொன்னால், பெரும்பாலும் தயக்கமே விடையாகிறது. உருப்படிகளைப் பாடம் செய்வது ஒரு திறமை. கேட்டதை ஸ்வரமாக அறியும் ஸ்வரஞானமும், தாளத்தைத் தானாக நடத்தும் லயஞானமும், சுருதியில் நிற்பதும் வேறு திறமைகள். பாடத்திட்டம் முன்னதை எண்ணிக்கையிட்டுக் கேட்கிறது. பின்னவற்றை மாணவரே திட்டமிட்டு வளர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இதற்குக் காரணம் கல்லூரி என்னும் அமைப்பிலேயே உள்ளது. குருகுலத்தில் சீடர் நாள் முழுவதும் குருவின் அருகில் இருந்தார். கச்சேரிகளில் பின்னால் அமர்ந்து தம்பூரா போட்டார். பிறருக்கு நடக்கும் பாடத்தையும் கேட்டார். சிதம்பரத்தில் 1929இல் ராஜா அண்ணாமலைச் செட்டியார் இசைக் கல்லூரியை ஏற்படுத்தியபோதும், சென்னையில் 1949இல் முசிறி சுப்பிரமணிய ஐயரை முதல்வராகக் கொண்டு அரசின் இசைக் கல்லூரி தொடங்கியபோதும், பெரிய வித்வான்களின் பாடம் பலருக்கு எட்டியது. ஆனால் பாடவேளை முடிந்ததும் வகுப்பு கலைந்துவிடும் என்பதால், கேட்டுக் கேட்டுத் தானாக ஏறிய பயிற்சியை மாணவர் வேறு வழியில் ஈடுசெய்தாக வேண்டும்.

முதலில் சுருதி. கைப்பேசியில் தம்பூராச் செயலி வந்தபின் உண்மையான தம்பூராவைச் சுருதி கூட்டத் தெரியாமலேயே பட்டம் பெற்றுவிட முடிகிறது. கல்லூரியில் தம்பூரா இருக்கும்போதே அதைக் கற்றுக்கொள்வது நல்லது. பெண் குரலுக்குப் பொதுவாக ஐந்து முதல் ஆறு கட்டை (சுருதியின் உயரத்தைக் குறிக்கும் அளவு) வரையிலும், ஆண் குரலுக்கு ஒன்று முதல் இரண்டு கட்டை வரையிலும் சுருதி அமையும். தம்பூராவின் நான்கு தந்திகளில் நடுவிலுள்ள சாரணையை உங்கள் சட்ஜத்தில் (ஆதார ஸ்வரமான ‘ஸ’வில்) நிறுத்தி, அடுத்துள்ள அநுசாரணையை அதனோடு சேருங்கள். இரண்டையும் அடுத்தடுத்து மீட்டும்போது ஒலியில் அலையடிப்பு இல்லாமல் போக வேண்டும். பிறகு கீழ் ஸட்ஜத்தில் ஒலிக்கும் மந்தரத் தந்தியையும், கடைசியாகப் பஞ்சமத் தந்தியையும் சேர்க்கலாம். பெரிய மாற்றங்களுக்குப் பிரடையையும் (தந்தி சுற்றிய முளை) நுட்பமான மாற்றங்களுக்குத் தந்தியில் கோத்த மணிகளையும் பயன்படுத்தி, அதன்பின் தந்திகளைத் தாங்கும் குதிரைமேல் தந்திக்கு அடியில் இருக்கும் ஜீவா நூலைச் சிறிது சிறிதாக நகர்த்தினால், ஓரிடத்தில் ஒலி விரிந்து ரீங்கரிக்கும். சுருதி சரியாகச் சேர்ந்திருந்தால், யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் மந்தரத் தந்தியிலிருந்து தானாகக் கேட்கும். சுயம்பு காந்தாரம் என்று சொல்வது இதைத்தான். அது கேட்கும் வரை கூட்டிப் பழகிய செவிக்கு, தன் குரல் சுருதியை விட்டு நழுவுவது உடனே தெரிந்துவிடும். செயலியையோ மின்தம்பூராவையோ பயன்படுத்துவதிலும் தவறில்லை. ஆனால் உங்கள் குரலை மூழ்கடிக்கும் அளவுக்கு அதன் ஒலியைக் கூட்டிவைத்தால் பயிற்சியின் பயன் போய்விடும்.

ஸ்வரஞானத்துக்குப் புதிய பாடம் எதுவும் தேவையில்லை. மாயாமாளவகௌளை ராகத்தில் பாலபாடமாகப் பாடிய ஸரளி வரிசையையும் ஜண்டை வரிசையையும் மூன்று காலத்திலும் (வேகத்திலும்) முதலில் ஸ்வரமாகவும், பிறகு மனத்துள் ஸ்வரப் பெயரைச் சொல்லிக்கொண்டே ‘அ’ என்ற ஒலியில் மட்டும் அகாரமாகவும் பாடுங்கள். அதன்பின் அவற்றையே கல்யாணியிலும் கரகரப்பிரியாவிலும் பாடுங்கள். தாட்டு வரிசையைப் பலர் அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள். என் கருத்தில் பாலபாடத்தில் மிகுந்த பயன் தருவது அதுதான். ஸ்வரங்களைத் தாண்டித் தாண்டிப் பாடும்போதுதான் ஒவ்வொரு ஸ்வரஸ்தானமும் முன்பின் துணையின்றித் தனியே மனத்தில் பதிகிறது.

அடுத்தது இருவராகச் செய்யும் பயிற்சி. சுருதி ஒலிக்க, ஒருவர் நான்கு ஸ்வரங்கள் கொண்ட ஒரு பிடியை (சிறு ஸ்வரத்தொடரை) அகாரத்தில் பாட வேண்டும். மற்றவர் அதை ஸ்வரமாகத் திருப்பிப் பாடி, பிறகு எழுத வேண்டும். ஐந்து ஸ்வரங்களே உள்ள மோகனத்தில் கமகம் (ஸ்வரத்தின் அசைவு) இன்றித் தொடங்கி, ஹம்ஸத்வனிக்கும், பிறகு சங்கராபரணத்துக்கும் செல்லலாம். சங்கராபரணத்தில் மத்தியமத்திலிருந்து மேல் ஸட்ஜத்துக்குத் தாவினால், கேட்பவர் சில நேரம் அதை ஸட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்குத் தாவியதாக எழுதிவிடுவார். இரண்டு தாவல்களின் இடைவெளியும் ஒன்றே என்பதால் ஆதாரத்தை மறந்த செவி இப்படி ஏமாறுவது இயல்பு. ஆகவே சுருதி இல்லாமல் இந்தப் பயிற்சியைச் செய்யவே கூடாது. தோடி, பைரவி போன்ற ராகங்களைக் கடைசியில் எடுத்துக்கொள்ளுங்கள். தோடியின் காந்தாரம் மத்தியமத்தைத் தொட்டு அசைவதால், பெயர் ஒன்றாகவும் காதில் விழுவது வேறாகவும் இருக்கும். பிடியை முதலில் வெறும் ஸ்வரமாகவும், அடுத்துக் கமகத்துடனும் பாடிப் பார்த்தால் அந்தக் குழப்பம் தீரும்.

இதில் தேறியவர் கிரகபேதத்தை, அதாவது ஒரு ராகத்தின் வேறொரு ஸ்வரத்தை ஆதாரமாகக் கொண்டு வேறு ராகம் காண்பதை, செவிப் பயிற்சியாகவே கையாளலாம். மோகனத்தின் ரிஷபத்தை ஆதாரமாக எண்ணிப் பாடினால் மத்தியமாவதி, காந்தாரத்தை எண்ணினால் ஹிந்தோளம், பஞ்சமத்தை எண்ணினால் சுத்த ஸாவேரி, தைவதத்தை எண்ணினால் சுத்த தன்யாசி தோன்றும். தேர்வுக்கு அட்டவணையாக மனப்பாடம் செய்வதோடு நில்லாமல், தம்பூராவைச் சற்று நிறுத்திவிட்டுப் பாடி, ராகம் மாறும் அந்த நொடியைக் கேளுங்கள்.

ராகங்களைப் பிரித்தறிய ஆரோகண அவரோகணம் மட்டும் போதாது என்பதற்கு ஆரபியும் தேவகாந்தாரியும் சான்று. இரண்டுக்கும் ஒரே ஆரோகண அவரோகணத்தையே சொல்லுகிறார்கள். தேவகாந்தாரி நீண்ட கார்வைகளோடும் (ஸ்வரத்தில் நீட்டி நிற்றல்) அசைவுகளோடும் விளம்பமாக நடக்கிறது. ஆரபி நேரான ஸ்வரங்களோடு விறுவிறுப்பாக நடக்கிறது. இப்படிப்பட்ட இணைகளை, தர்பாரையும் நாயகியையும் போல, ஒன்றையடுத்து மற்றொன்றாகக் கேட்டு, வேறுபாட்டை உங்கள் சொந்தச் சொற்களில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

லயத்தில் மாணவர்களிடம் காணும் பொதுவான குறை, வாய் போன வழியில் கை போவது. கடினமான சங்கதி (ஒரு வரியை வேறுபடுத்தி வளர்த்துப் பாடுவது) வந்தால் கை தாமதிக்கிறது. எளிய இடம் வந்தால் ஓடுகிறது. இதைச் சரிசெய்ய, பாட்டை விட்டுவிட்டுச் சொற்கட்டில் தொடங்க வேண்டும். ஆதி தாளத்தை ஒரே சீராகப் போட்டுக்கொண்டு ‘தகதிமி’யை மூன்று காலத்திலும் சொல்லி, பிறகு ‘தகிட’, ‘தகதகிட’ என்று நடையை மாற்றி, கை மாறாமல் இருக்கிறதா என்று கவனியுங்கள். அடுத்து, தெரிந்த ஆதி தாள வர்ணம் ஒன்றை, கையின் வேகம் மாறாமல், இரண்டு காலத்திலும் பின்பு திஸ்ர நடையிலும் பாடுங்கள். முழுவதையும் பதிவு செய்து, முதல் ஆவர்த்தனத்துக்கும் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) கடைசி ஆவர்த்தனத்துக்கும் ஆன நேரத்தை ஒப்பிட்டால், ஆசிரியர் சொல்லாமலே குறை விளங்கும். தாளச் செயலி சரிபார்க்கத்தான் உதவும். அதன் தட்டுக்கு ஏற்பப் பாடிப் பழகியவருக்கு, அது இல்லாத மேடையில் கை நடுங்கும்.

கணக்கையும் வாய்ப்பாட்டு மாணவர்கள் மிருதங்கத்தாருக்கு என்று ஒதுக்கிவிடக் கூடாது. சதுஸ்ர நடையில் ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனத்துக்கு 32 மாத்திரைகள். ‘ததிங்கிணதொம்’ 5 மாத்திரை. அதை மூன்று முறை சொல்ல 15. ஆகவே 17 மாத்திரைகளை விட்டு 18ஆவது மாத்திரையில் தொடங்கினால் சமத்தில் (அடுத்த ஆவர்த்தனத்தின் தொடக்கத்தில்) வந்து சேரும். இடையே இரண்டிரண்டு மாத்திரை கார்வை விட்டால் மொத்தம் 19 ஆகிறது. அப்போது 14ஆவது மாத்திரையில் தொடங்க வேண்டும். இந்தக் கணக்கைத் தாளில் போடுவதோடு விடாமல், கையில் தாளம் ஓடும்போதே எடுத்து முடிக்கப் பழகுங்கள். சமத்தில் முடிப்பது கைவந்தபின், அரை இடம் தள்ளி எடுக்கும் கீர்த்தனையின் எடுப்பில் (தாளத்தில் பாட்டு தொடங்கும் இடத்தில்) வந்து சேரப் பயிலலாம்.

ஸ்வரப்படுத்தி எழுதுவதில் ஓர் ஒழுங்கு உதவும். முதலில் தாள அங்கங்களைக் கோடிட்டு, எடுப்பு எங்கே என்று குறித்து, சாகித்திய எழுத்துகளை அவற்றின் இடத்தில் வைத்த பிறகே ஸ்வரங்களை நிரப்ப வேண்டும். ஸ்வரத்தில் தொடங்குபவர்கள் மூன்றாவது ஆவர்த்தனத்தில் வழி தவறிவிடுகிறார்கள்.

கல்லூரியில் மட்டும் எளிதாகக் கிடைத்து, வெளியே வந்தபின் காசு கொடுத்தாலும் அவ்வளவு எளிதில் கிடைக்காத ஒன்று, வாய்ப்பாட்டு, வயலின், வீணை, மிருதங்க மாணவர்கள் ஒரே கட்டடத்தில் இருப்பது. துறை மாறிச் சேர்ந்து பயிலும் சிறு குழு ஒன்றை முதலாண்டிலேயே அமைத்துக்கொள்ளுங்கள். கற்பனை ஸ்வரம் அங்கேதான் வளரும். காந்தாரத்தில் எடுக்கும் மோகனப் பல்லவி ஒன்றைத் தேர்ந்து, ரிஷபத்தில் முடித்துக் காந்தாரத்தில் இணையும் முடிப்புகளை மட்டும் முதலில் பாடுங்கள். எட்டு மாத்திரை, பிறகு அரை ஆவர்த்தனம், பிறகு ஓர் ஆவர்த்தனம் என்று நீட்டலாம். நீங்கள் பாடியதை வயலின் மாணவர் அப்படியே திருப்பி வாசிக்கும்போது அவருக்குச் செவிப் பயிற்சியும் உங்களுக்கு உரைகல்லும் கிடைக்கின்றன. அவரால் திருப்ப முடியவில்லை என்றால், பாடியது தெளிவாக இல்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கக்கூடும். வயலின், வீணை மாணவர்கள் தாம் வாசிப்பதை வாயால் ஸ்வரமாகப் பாடியும் பழக வேண்டும். இல்லாவிட்டால் விரலுக்கு வழி தெரிந்து, செவிக்குத் தெரியாமல் போகும். மிருதங்க மாணவர்கள் சில வர்ணங்களையும் கீர்த்தனைகளையும் பாடக் கற்றால், சங்கதி எங்கே வளர்கிறது, எங்கே வாசிப்பை அடக்க வேண்டும் என்பது அவர்களுக்குப் புலப்படும்.

இவற்றுக்கெல்லாம் நேரம் எங்கே என்ற கேள்வி நியாயமானது. காலையில் சுருதிக்கும் வரிசைகளுக்கும் அரைமணி நேரமும், பாடவேளைகளுக்கு இடையே சொற்கட்டுக்குக் கால்மணி நேரமும், வாரத்தில் இரண்டு மாலைகள் குழுவுக்கும் ஒதுக்கினால் போதும். ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நான்கு மணி நேரம் சேர்த்துச் செய்வது இதற்கு ஈடாகாது. செவி களைத்தபின் கேட்பது பதிவதில்லை. செய்முறைத் தேர்வு நெருங்கும் வாரங்களில் உருப்படிகளின் சுமை கூடும்போது குழுவை வேண்டுமானால் நிறுத்திவைக்கலாம். காலை அரைமணியை மட்டும் விடாதீர்கள். அந்த வாரங்களில் தேர்வுக்குரிய கீர்த்தனைகளின் சரணங்களையே எடுத்து, நடுவிலிருந்து தொடங்கி ஸ்வரமாகப் பாடிப் பார்த்தால் இரண்டு வேலைகளும் ஒன்றாக முடியும்.