டிபன் தள்ளுவண்டி கட்டப் போறீங்கன்னா ஷீட்டை அப்புறம் பாருங்க, மொதல்ல சக்கரம் மாட்டுற அச்சு

எங்க சித்தி பெங்களூர் ஸ்ரீராம்புரத்துல இட்லி வண்டி போடுறாங்க. மூணு வருஷம் முன்னாடி ரெடிமேடா ஒண்ணு வாங்குனாங்க, பளபளன்னு ஸ்டீல் ஷீட்டு, எல்இடி போர்டு எல்லாம் வெச்சு பாக்க அவ்ளோ அழகா இருந்துச்சு, நாலாவது மாசமே ஒரு ஹம்ப்புல ஏத்தி இறக்கும்போது அச்சு வளைஞ்சு சக்கரம் ரெண்டும் மேல்பக்கம் உள்ள சாஞ்சிடுச்சு, சாம்பார் கவுந்து அவங்க கால்ல கொட்டிருச்சு. கழட்டிப் பாத்தா வெறும் 20 எம்எம் ராடு. நான் பீன்யாவுல ஃபேப்ரிகேஷன் வேலைதான் பாக்குறேன், வாங்குறப்போ கூடப் போய் ஒரு தடவை குனிஞ்சு அடியில பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும், அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகல. அதுக்கப்புறம் நானே ஒண்ணு கட்டிக் குடுத்தேன், அதை எப்படிக் கட்டுனேன்னு சொல்றேன்.

மொதல்ல எடை போடுங்க, அதுக்கு முன்னாடி பைப் வாங்கவே போகாதீங்க. 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர் ஃபுல்லா இருந்தா இரும்போட சேத்து 35 கிலோ பக்கம் வரும், 20 லிட்டர் தண்ணி கேன் ரெண்டு, மாவு, அடுப்பு, தோசைக்கல்லு, சாம்பார் சட்னி, தட்டு, இதோட வண்டியோட சொந்த எடை எல்லாம் கூட்டுனா சித்தி வண்டிக்கு 300 கிலோகிட்ட வந்துச்சு. மனுஷங்க கையால தள்ளுற வண்டி இது, அதனால ஸ்ட்ராங்கா இருக்கணும்னு தேவையில்லாத எடத்துல எல்லாம் இரும்பைப் போட்டு ஏத்துனா அவங்கதான் தினம் கஷ்டப்படணும்.

ஃப்ரேம் 5 அடி நீளம், 3 அடி அகலம். அடி ஃப்ரேம், மேடை ஃப்ரேம், ரெண்டையும் இணைக்கிற நாலு கால் இதுக்கெல்லாம் 40க்கு 40 எம்எம் மைல்ட் ஸ்டீல் ஸ்கொயர் பைப், 2 எம்எம் கனம், 20 அடி லெங்த் மூணு போதும், ஒரு லெங்த் கிட்டத்தட்ட 14 கிலோ. கடையில எடைக்குத்தான் விலை, அதனால எடை போடும்போது பக்கத்துல நில்லுங்க, 14க்கு ரொம்பக் கம்மியா வந்தா கனம் கம்மியான பைப்னு அர்த்தம். கூரைக்கு 25க்கு 25, 1.6 எம்எம் போதும், ரெண்டு லெங்த்.

வெல்டிங்குக்கு 2.5 எம்எம் கனத்துல 6013ங்கிற நம்பர் வெல்டிங் ராடு. எடுத்ததும் முழுசா ஓட்டாதீங்க, நாலு மூலையிலயும் பொட்டு மாதிரி சின்ன வெல்டு மட்டும் வெச்சுட்டு குறுக்க டேப் புடிங்க, 5க்கு 3 ஃப்ரேம்னா ரெண்டு குறுக்கும் 5 அடி 10 இன்ச் காட்டணும், ஒண்ணு கூட ஒண்ணு கொறைச்சலா இருந்தா தட்டி சரி பண்ணிட்டுதான் அடுத்தது. அப்புறம் ஒரு மூலை அடிச்சா அடுத்து எதிர் மூலைக்குப் போங்க, ஒரே பக்கமா அடிச்சுட்டே போனா சூடு இழுத்து ஃப்ரேம் முறுக்கிக்கும்.

இப்ப அச்சு. 30 எம்எம் ராடு போடுங்க. 20க்கும் 30க்கும் விலையில பெரிய வித்தியாசம் இல்ல, ஆனா வளையாம தாங்குற வலு மூணு மடங்குக்கு மேல. சக்கரத்துக்கு ஜேசி ரோடுல ஆட்டோ டயர் 4.00-8 ரிம்மோட வாங்கி, ஹப்பை, அதாவது சக்கரத்தோட நடுப்பகுதியை, லேத்துல கடைஞ்சு 6206ங்கிற நம்பர் பேரிங் போட்டோம், அது உள்விட்டம் 30, அந்த ராடுக்கு கரெக்டா உக்காரும். ரப்பர் சீல் வெச்சதா கேட்டு வாங்குங்க, ஏன்னா மே மாச மழையில பெங்களூர் ரோடுல வண்டி முட்டி அளவு தண்ணியில நிக்கும். அச்சை எங்க வெக்கிறதுங்கிறதுலதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க, நடுவுல அளந்து வெச்சிடுவாங்க. அப்படிப் பண்ணாதீங்க, ஃப்ரேமை ஒரு உருட்டுப் பைப் மேல வெச்சு, அடுப்பு வர்ற எடத்துல, சிலிண்டர் எடத்துல, தண்ணி எடத்துல அந்தந்த எடைக்கு மணல் மூட்டை வெச்சு, எங்க சமமா நிக்குதோ அங்க மார்க் பண்ணுங்க, அதுலேர்ந்து 4 இன்ச் அடுப்புப் பக்கம், அதாவது கைப்பிடிக்கு எதிர்ப்பக்கம், தள்ளி அச்சு வரணும், அப்பதான் கைப்பிடிப் பக்கம் கொஞ்சம் எடை தங்கும், வண்டி பின்னாடி தூக்காது. தண்ணியும் மாவும் தீந்தப்புறம் எப்படி நிக்கும்னும் மூட்டையை எடுத்துட்டு ஒரு தடவை பாருங்க. கைப்பிடிப் பக்கம் சுத்துற சின்ன சக்கரம் ரெண்டு, பிரேக்கோட.

நாலு மூலையிலயும் அடியில நட்டு வெல்ட் பண்ணி நீளமான போல்ட்டு மாட்டுங்க, திருகி இறக்குனா அதுதான் கால். ஸ்ரீராம்புரம் மாதிரி மேடும் பள்ளமுமா இருக்குற எடத்துல மட்டம் சரியில்லனா ஊத்துன தோசை ஒரு பக்கமா ஓடும்.

அடுப்பு வர்ற பகுதியை மேடையை விட 6 இன்ச் இறக்கிக் கட்டுனேன். சித்தி குள்ளம், பழைய வண்டில இட்லிப் பானை மூடியைத் தூக்குனா ஆவி நேரா மூஞ்சில அடிக்கும். யாரு நின்னு சமைக்கப் போறாங்களோ அவங்களை நிக்க வெச்சு முழங்கை உயரத்தை அளந்துட்டு கட்டுங்க, இதை எந்த ரெடிமேட் கடைக்காரரும் கேக்குறதே இல்ல.

கேஸ் விஷயத்துல தயவுசெஞ்சு அலட்சியம் வேணாம். எல்பிஜி காத்தை விட கனம், லீக்கானா கீழதான் தேங்கும், அதனால சிலிண்டர் வெக்கிற அறைக்கு அடியில தகடு போட்டு மூடாம கம்பி வலையா விடுங்க, அடுப்புக்கும் அதுக்கும் நடுவுல முழுத் தடுப்பு இருக்கணும், சிலிண்டர் நேரா நிக்கணும், ஆடாம இருக்க ஒரு பட்டை. ஐஎஸ்ஐ ட்யூப் ஒன்றரை மீட்டருக்கு மேல வேணாம். ஒவ்வொரு தடவை மாட்டும்போதும் சோப்புத் தண்ணி தடவிப் பாருங்க. பின்னாடி எப்பவாவது வண்டில வெல்டிங் வேலை வந்தா சிலிண்டரை இறக்கி தூரமா வெச்சுட்டுதான்.

மேடைக்கு 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 1.2 எம்எம். சைடுக்கு 202 கிரேடு போதும். காந்தம் ஒட்டலனா 304னு கடையில சொல்லுவாங்க, நம்பாதீங்க, 202லயும் காந்தம் ஒட்டாது, டெஸ்ட் பண்ற சொட்டு மருந்து பாட்டில் வெச்சிருக்காங்களான்னு கேளுங்க. பைப் முனை எல்லாத்தையும் மூடி வெல்ட் பண்ணிடுங்க, தண்ணி உள்ள போனா துரு உள்ளேர்ந்து தின்னும், வெளிய பெயிண்ட் நல்லாவே இருக்கும். வெல்டு மேல படியுற சிலாக்கைத் தட்டி, கிரைண்டர் அடிச்சு, தின்னர்ல தொடைச்சு, அன்னைக்கே துரு புடிக்காம இருக்க ரெட் ஆக்சைடு பிரைமர் ரெண்டு கோட்டு.

உணவுப் பாதுகாப்புக்கான எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு, 2014 தெருவியாபாரிகள் சட்டப்படி தெருவுல விக்கிறதுக்கான வெண்டிங் சர்டிபிகேட், ரெண்டும் ஒரு பக்கம் ஓடட்டும், வண்டி அளவுக்கு ஏதாவது வரம்பு சொல்றாங்களான்னு ஃப்ரேம் வெட்டுறதுக்கு முன்னாடியே கேட்டுக்கோங்க.

கட்டி முடிச்சதும் நேரா கடை போட்டுடாதீங்க. விடியக்காலை ரோடு காலியா இருக்கும்போது தண்ணி கேனா ஏத்தி ஃபுல் லோடுல நாலஞ்சு ஹம்ப் ஏத்தி இறக்குங்க, வந்து ஹப்பைத் தொட்டுப் பாருங்க, சூடா இருந்தா பேரிங் சரியா உக்காரல. நட்டு எல்லாத்தையும் மறுபடி டைட் வெச்சு, ஒரு வாரம் கழிச்சு இன்னொரு தடவை. சித்தி வண்டிக்கு ரெண்டு வருஷம் ஆகப் போகுது, இதுவரைக்கும் மாத்துனது சின்ன சக்கரம் ஒண்ணு மட்டும்தான்.