இங்கிலாந்தில் இமைக் கட்டியை எடுக்க வேண்டியிருந்தால்

சென்னையிலோ மதுரையிலோ காலையில் கண் மருத்துவமனைக்குப் போய்ச் சீட்டு எடுத்தால், இமையில் உள்ள கட்டியைப் பெரும்பாலும் அன்றைக்கே கீறி எடுத்துவிடுவார்கள் என்ற பழக்கத்தோடுதான் நானும் இங்கு வந்தேன். ஜி.பி. எனப்படும் குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்வதை முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள்; பரிந்துரைக் கடிதமின்றி என்.எச்.எஸ். எனப்படும் அரசு மருத்துவச் சேவையின் மருத்துவமனையில் இதற்கு நாள் கிடைக்காது.

நான் மாட்டிக்கொண்டது தேதியில். கலேசியன் எனப்படும் இக்கட்டி பார்வையை மறைத்தாலோ, திரும்பத் திரும்பச் சீழ் பிடித்தாலோ, புற்றுநோய்ச் சந்தேகம் எழுந்தாலோ அன்றி, ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, நான்கு வாரம் வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, இமையைத் துடைத்து நீவிவிட்டும் கரையாதிருந்தால்தான் என்.எச்.எஸ். செலவில் எடுப்பார்கள். நானோ ஊரிலிருந்து கொண்டுவந்த நாமக்கட்டியை இழைத்துப் பூசிக்கொண்டு ஏழு மாதம் யாரிடமும் வாய் திறக்காமல் இருந்தேன். கடைசியில் ஜி.பி. எழுதிய கடிதம், ஒத்தடம் கொடுத்ததற்கோ ஆறு மாதம் ஆனதற்கோ பதிவு இல்லையென்று திரும்பி வந்துவிட்டது. ஒரு கட்டிக்கு இத்தனை காகிதமா என்று எரிச்சலாக இருந்தாலும், கட்டி தென்பட்ட வாரத்திலேயே ஜி.பி.யிடம் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். கைப்பேசியில் படமும் எடுத்து வையுங்கள். இமைமுடி உதிர்ந்தாலோ, கட்டியில் இரத்தம் கசிந்தாலோ ஆறு மாதக் கணக்குப் பார்க்காமல் உடனே காட்டுங்கள்.

சிகிச்சை கால் மணி நேர வேலைதான். மயக்க மருந்து கிடையாது, விழித்தபடியே படுத்திருக்க வேண்டும். முதலில் விடும் சொட்டு மருந்து சற்று எரியும். இமையில் போடும் மரத்துப்போகும் ஊசிதான் உண்மையில் வலிப்பது, அதுவும் சில நொடிகளே. பிறகு ஒரு சிறு கவ்வியால் இமையைப் பிடித்துப் புரட்டி, உட்புறமாகக் கீறிச் சுரண்டி எடுப்பார்கள். அழுத்தமும் இழுப்பும் தெரியும், வலி தெரியாது. கீறல் உட்புறம் என்பதால் பெரும்பாலும் தையல் இல்லை. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், கட்டணம் இல்லை.

கண்ணைக் கட்டி அனுப்புவார்கள். அந்தக் கட்டோடு வண்டி ஓட்டக் கூடாது. நான் துணையின்றிப் போய், ஒற்றைக் கண்ணில் ஆழம் பிடிபடாமல், பேருந்துப் படியில் கால் தவறி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டேன். கட்டைப் பிரித்ததும் கண்ணீர் சிவப்பாக வழிந்து சட்டைக் காலரை நனைத்தது. முதல் நாளில் இது இயல்புதான். வீக்கம் வடியச் சில வாரம் ஆகலாம். வலி கூடினாலோ பார்வை மங்கினாலோ மட்டும் காத்திருக்காமல், கையில் கொடுத்த தாளில் உள்ள எண்ணை அழையுங்கள்.