கதை கேட்க உட்காராத பிள்ளை

என் அங்கன்வாடியில் நாலு வயதுப் பையன் ஒருவன். கதை ஆரம்பித்து மூன்றாவது வரிக்குள் வாசலில் நிற்பான். ‘சரியான வாலு’ என்று நானும் சொல்லியிருக்கிறேன், தப்புதான்.

முதலில் காது, கண் பரிசோதனை. சளி கட்டிக் காது மந்தமானாலும் கூப்பிட்டால் பிள்ளை திரும்பாது.

அப்புறம் இடத்தை மாற்றினேன். வாசலுக்கு முதுகு காட்டி, என் முழங்காலுக்குப் பக்கத்தில். ‘செருப்பை விட்டுட்டு, கை கழுவிட்டு, தட்டு எடுத்துட்டு வா’ என்றால் தட்டு மட்டும் வரும், செருப்போடு. அதனால் குனிந்து, தோளைத் தொட்டு, ஒரே ஒரு வேலை. முடித்ததும் உடனே, ‘செருப்பை வரிசையில வச்சிட்டியே!’ வெறும் ‘குட் பாய்’ போதாது, எதற்கென்று அவனுக்குத் தெரிய வேண்டும்.

புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகப் பிரிக்கச் சொன்னேன். மூன்று நிமிடம், பிறகு ஒரு ஓட்டம், மறுபடி மூன்று நிமிடம். (மூக்கில் போட்டுக்கொள்ளும் பிள்ளைக்குக் கொட்டை வேண்டாம்.)

அவன் ஓட்டம் அடங்க அவன் அம்மா மாத்திரை கேட்டார். இப்படிக் கவனம் நிலைக்காமல் ஓடும் பிள்ளைக்கு, ஆறு வயதுக்குள், அவனை எப்படிக் கையாள்வது என்று பெற்றோருக்குத் தரும் பயிற்சிதான் பொதுவாக முதல் வழி. பிள்ளைகளின் வளர்ச்சிச் சிக்கல்களைச் சீக்கிரமே பார்த்து உதவும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு (DEIC) அனுப்பினேன். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் அது இலவசம். போகும்போது ஒரு வாரக் குறிப்பு கொண்டுபோகச் சொன்னேன்: எப்போது ஓடுகிறான், எதற்கு உட்காருகிறான், எத்தனை மணிக்குத் தூங்குகிறான்.