பிறர் கோடு நம் கையில் ஏறும்போது

பத்மநாபபுரம் அரண்மனைக்கு அருகே, தக்கலையில் ஓவியம் கற்பிக்கிறேன். இங்கு வரும் இளைஞர்களிடம் நான் அடிக்கடி காணும் தவறு, ஒரு மரபின் தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அத்தோற்றத்தைப் பிறப்பித்த வேலைமுறையை விட்டுவிடுவது. ஒரு மாணவி தோவாளைப் பூச்சந்தையை வரைந்து கொண்டுவந்தாள். பூக்கட்டும் பெண்கள் அனைவருக்கும் சுவரோவியத் தெய்வங்களின் நீண்ட கண்களை வைத்திருந்தாள். ஒரு முகத்திலும் உயிர் இல்லை. கேரளச் சுவரோவியர்கள் மஞ்சள் கோட்டில் உருவத்தைத் தொடங்கி, மஞ்சள், சிவப்பு, பச்சை, கறுப்பு, வெள்ளை என்னும் ஐந்து நிறங்களுக்குள் நின்று, வெள்ளைக்குச் சுண்ணாம்புச் சுவரையே விட்டுவைத்து, பொடிப்பொடியான புள்ளிகளால் கன்னத்துக்குத் திரட்சி தந்த பிறகே கண்ணுக்கு வருகிறார்கள். கண்ணை ஒதுக்கிவிட்டு, அந்த ஐந்து நிறக் கட்டுப்பாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அடுத்த படத்தில் மல்லிகைக் குவியல் முழுவதும் தீட்டப்படாத வெறும் தாளாக இருந்தது; பெண்களின் கண்களோ சந்தையில் அவள் நேரில் பார்த்த, தூக்கம் கலையாத கண்கள். எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

தனி நடை உடனே வாய்க்க வேண்டும் என்ற அவசரமும் கெடுதலே. 1911இல் கோயம்புத்தூரில் பிறந்த ஓவியர் கே. சி. எஸ். பணிக்கர், கேரள நிலக்காட்சிகளை நீர்வண்ணத்தில் தீட்டி, வான்கோ, கோகன் ஆகிய ஐரோப்பிய ஓவியர்களின் பாதிப்பையும் கடந்து, ஜாதகக் கட்டங்களும் எழுத்துப் போன்ற குறிகளும் நிறைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையைத் தொடங்கியது 1963இல். அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. தனித்துவம் கெட்டுவிடும் என்று பிறர் படங்களையே பார்க்காமல் இருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். பார்க்காதவர் கை, காலண்டர் படத்தைத்தான் தன்னையறியாமல் திரும்ப வரையும்.

எல்லையோரத்தில் வாழும் நமக்கு மட்டுமே உரிய தவறு ஒன்றும் உண்டு. தமிழா, மலையாளமா என்று ஏதேனும் ஒரு பக்கத்தைத் தேர்ந்து, மற்றதைத் தன் படைப்பிலிருந்து துடைத்துவிடுவது. பாலக்காட்டுப் பகுதியின் பகவதி கோயில்களில் தோல்பாவைக்கூத்து நிகழ்த்தும் புலவர்கள் அப்படிச் செய்யவில்லை. கூத்துமாடம் என்னும் கூத்து மேடையின் திரைக்குப் பின்னால் தேங்காய் மூடிகளில் விளக்கேற்றி, கம்பன் பாட்டைத் தமிழிலேயே பாடி, தமிழும் மலையாளமும் கலந்த பேச்சில் அதற்குப் பொருள் சொல்லிக்கொண்டே பாவையை நகர்த்துகிறார்கள்.