கிளிநொச்சியிலிருந்து ரொறன்ரோ: தூரத்தையும் பறப்பு நேரத்தையும் கணிக்கும் முறை

பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் பார்க்க முதன்முறையாகக் கனடாவுக்குப் புறப்படும் தாய் தந்தையர் கேட்கும் முதற் கேள்வி, “எவ்வளவு தூரம், எத்தனை மணித்தியாலம்?” என்பதே. பயணச்சீட்டை மட்டும் பார்த்து இதற்கு விடை சொல்லக் கூடாது. வீட்டுப் படலையிலிருந்து மகளின் வாசல்வரை கணக்கிட்டுச் சொல்ல வேண்டும்.

கணக்கைப் பழக எளிய இடம் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையம். பலாலியும் சென்னையும் ஏறத்தாழ ஒரே நெடுங்கோட்டில் அமைந்துள்ளதால், அகலக்கோடுகளைக் கழித்தாலே போதும்: சென்னை 13.0 பாகை, பலாலி 9.8 பாகை, வித்தியாசம் 3.2 பாகை. ஒரு பாகைக்கு 111 கிலோமீற்றர் என்று பெருக்கினால் 355 கிலோமீற்றர் கிடைக்கும்.

நெடுங்கோடும் மாறும்போது பாடசாலையிலுள்ள பூகோள உருண்டையை நாடுங்கள். சுவரில் தொங்கும் தட்டையான உலகப் படத்தில் அடிமட்டம் வைத்து அளந்தால் பிழையான விடையே வரும். 30 சென்ரிமீற்றர் விட்டமுள்ள உருண்டையில் ஒரு சென்ரிமீற்றர் நூல் ஏறத்தாழ 425 கிலோமீற்றருக்குச் சமம். கொழும்பிலிருந்து ரொறன்ரோவுக்கு நூலை இறுக இழுத்துப் பிடித்தால் 33 சென்ரிமீற்றர், அதாவது ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர் வரும். துபாய் வழியாகச் சென்றால் 3,300, 11,100 என இரண்டு துண்டுகள். நேர்வழியைவிட 400 கிலோமீற்றர் மட்டுமே கூடுதல். துபாயிலிருந்து பிடிக்கும் நூல் ஐஸ்லாந்துக்குச் சற்றுத் தெற்கே சென்று கிரீன்லாந்தின் தென்முனையை உரசிக்கொண்டு போவதைப் பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். பூமி உருண்டை என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

பறப்பு நேரத்துக்கு, தூரத்தை விமானத்தின் வேகமான மணிக்கு 850 கிலோமீற்றரால் வகுத்து, ஏறி இறங்குவதற்கு அரை மணித்தியாலம் கூட்டுங்கள். துபாய்வரை நாலரை மணித்தியாலமும், அங்கிருந்து பதின்மூன்றரை மணித்தியாலமும் வரும். மேற்கிலிருந்து கிழக்காக வீசும் உயர்வான்காற்று எதிர்ப்பதால் இரண்டாவதைப் பதினான்காக எடுங்கள். திரும்பி வரும்போது அதே காற்று நேரத்தைக் குறைக்கும்.

பயணச்சீட்டில் இருப்பவை அந்தந்த ஊர் நேரங்கள் என்பதில்தான் பலர் தடுமாறுகின்றனர். கொழும்புக்கான விமான நிலையமான கட்டுநாயக்கவில் காலை 10.00க்குப் புறப்பட்டு துபாயில் பிற்பகல் 1.00க்குச் சேரும் என்றிருந்தால், பறப்பு நேரம் மூன்று மணித்தியாலமன்று. துபாய் ஒன்றரை மணித்தியாலம் பின்னால் இருப்பதால் நாலரை. ரொறன்ரோ இலங்கையைவிடக் குளிர்காலத்தில் பத்தரை மணித்தியாலமும் கோடையில் ஒன்பதரை மணித்தியாலமும் பின்தங்கியிருக்கும்.

இனி முழுக் கணக்கு. கிளிநொச்சியிலிருந்து கட்டுநாயக்கவுக்குப் புத்தளம் வழியே ஏறத்தாழ 300 கிலோமீற்றர். வான் வண்டியில் ஆறரை மணித்தியாலம் வையுங்கள். விமான நிலையத்தில் மூன்று, முதற் பறப்பு நாலரை, துபாயில் மூன்று, அடுத்த பறப்பு பதினான்கு, இறங்கிய பின் குடிவரவுக்கும் பயணப்பொதிகளுக்கும் இரண்டு: மொத்தம் முப்பத்துமூன்று மணித்தியாலம்; அங்கிருந்து மகளின் வாசல்வரை செல்லும் நேரத்தையும் இதனுடன் கூட்டுங்கள். நீரிழிவுக்கு மருந்தெடுப்பவர்கள் கடிகார நேரத்தையன்றி இந்த எண்ணைத் தமது வைத்தியரிடம் சொல்லி, வேளைகளை முன்கூட்டியே எழுதி வாங்க வேண்டும். அந்தத் தாளில் ஒவ்வொரு வேளைக்கும் எதிரே இலங்கை நேரத்தையும் அவ்வூர் நேரத்தையும் பெரிய எழுத்தில் எழுதி, கடவுச்சீட்டுக்குள் வைத்துக் கொடுங்கள்.