பழனிக்கு நடக்க ஐப்பசியிலேயே தொடங்குங்கள்

வருடம் முழுக்கக் கடையிலும் பெட்டியடியிலும் உட்கார்ந்திருந்துவிட்டு, தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து திடீரென்று நடக்கக் கிளம்பினால் குதிகாலும் முட்டியும்தான் முதலில் மக்கர் செய்யும். தசை சில வாரங்களில் பழகிவிடும். தசையை எலும்போடு கட்டும் தசைநாண்களுக்கு இன்னும் நாள் பிடிக்கும். ஐப்பசி பாதியில் தொடங்கினால் ஏறக்குறைய பன்னிரண்டு வாரம் கிடைக்கும்.

முதல் இரண்டு வாரம், வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு 20 நிமிடம் போதும். பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம். பிறகு வாரத்துக்கு 5 நிமிடம் மட்டும் கூட்டுங்கள். நான்காம் வாரம் 30 நிமிடம், அதாவது வாரத்துக்கு 150 நிமிடம். பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன குறைந்தபட்ச அளவும் இதுவே. இந்த அளவுக்குக்கூட அசையாதவர்களுக்கு அகால மரண அபாயம் 20 முதல் 30 சதவீதம் அதிகம் என்கிறது அந்நிறுவனம். நடக்கும் தசை இன்சுலினை எதிர்பாராமலே ரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அதனால் ராத்திரிப் பலகாரத்துக்குப் பிறகு பத்து நிமிடம் நடப்பதுகூட வீண் போகாது. ரத்த அழுத்தம் இறங்குவதும் தூக்கம் கூடுவதும் சில வாரங்களில் தெரியும்.

அடைமழை நாளில் வீட்டுக்குள்ளேயே வளவை, அதாவது உள்முற்றத்தை, சுற்றி நடக்கலாம். சாரல் பட்ட ஆத்தங்குடிக் கல் தரை வழுக்கும், துடைத்துவிட்டு நடங்கள், காலுறையோடு வேண்டாம்.

வாரத்தில் இரண்டு நாள் முட்டிக்குப் பலம் சேருங்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது 10 முறை, தூணைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தி இறக்குவது 15 முறை. இரண்டையும் இரண்டு சுற்று. திண்ணை பல வீடுகளில் தாழ்வாக இருக்கும், முட்டி வலி உள்ளவர்களுக்கு அது ஆகாது.

ஏழாம் வாரத்திலிருந்து ஞாயிறுதோறும் ஒரு நீள நடை. காரைக்குடியிலிருந்து குன்றக்குடி சுமார் 10 கிலோமீட்டர். விடியுமுன் கிளம்பி, பஸ்ஸில் திரும்பிவிடுங்கள். பத்தாம் வாரத்துக்குள் 15 கிலோமீட்டரைத் தொட்டு, அடுத்த நாளும் பாதி தூரமாவது நடந்து பாருங்கள். யாத்திரையில் கஷ்டம் முதல் நாளில் இல்லை, வலித்த காலோடு எழுந்து நடக்கும் இரண்டாம் நாளில்தான். கடைசி வாரம் நடையைப் பாதியாகக் குறையுங்கள்.

சர்க்கரை உள்ளவர்கள் தொடங்குமுன்பே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுத்தால் நடக்கும்போதும், அன்று இரவும் சர்க்கரை தாழலாம். அளவை மாற்ற வேண்டுமா என்று அவர்தான் சொல்ல வேண்டும். கை நடுங்கி வியர்த்தால் உடனே நின்று மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். பாதம் மரத்துப் போனவர்களுக்குக் கல் குத்தினாலும் தெரியாது; ஆறாத புண் அப்படித்தான் வருகிறது. வெறுங்காலில் நடப்பது மரபுதான், ஆனாலும் அவர்கள் செருப்பு போட்டுத்தான் நடக்க வேண்டும், முருகன் கோபிக்க மாட்டான். இரவில் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். நெஞ்சு இறுகினாலோ, தாடைக்கோ இடது கைக்கோ வலி பரவினாலோ அங்கேயே நின்று 108-ஐ அழையுங்கள்.

திரும்பி வந்தபின் நான்கைந்து நாள் ஓய்வு போதும். மாசி முழுக்க உட்கார்ந்துவிட்டால் சேர்த்த பலத்தில் பெரும்பகுதி போய்விடும். பழையபடி 30 நிமிட நடையைப் பிடியுங்கள். கடையில் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து வாசல்வரை போய் வாருங்கள்.